அத்தானுக்கு நான் வைக்காத பரீட்சை



முத்துக்குளித்துறை பற்றி எழுதிய பிறகு, "சார், அடுத்து உப்பளம் பத்தி எழுதுங்க" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உப்பளத்தில்தான் தொடங்குகிறேன், ஆனால் போகிற இடம் வேறு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டு, வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

என் அக்கா வீட்டுக்காரரை உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். நம்ம ஊர் உப்பளம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். காலையில் பாத்தி வரப்பில் இறங்கினால் வெயில் ஏறும்வரை வெறுங்காலோடுதான் நடப்பார். "உப்புத் தண்ணி பட்டா காலுக்கு ஒண்ணும் வராது மாப்ளே" என்பார். நாற்பத்தைந்து வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. மாதாமாதம் ரத்தம் சோதித்து, சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு பையில் அடுக்கி வைத்திருப்பார். கணக்கப்பிள்ளை அல்லவா! அவரைப் பார்த்து, "நோயாளின்னா இப்படி இருக்கணும்" என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பதினைந்து வருடம் கழித்து ஒரு சித்திரை மாதம், வலது உள்ளங்காலில் கொப்புளம் வந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் கவலைப்படவில்லை. வேட்டி நுனியில் ஈரம் பட்டதை அக்கா பார்த்துக் கேட்டபோது பத்து நாள் ஓடிவிட்டது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அறுவைக்கு முன்னால் டாக்டர், "தினமும் காலைத் திருப்பிப் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. "வலிக்கலையே சார்" என்று மட்டும் சொன்னார். வலி தெரியாமல் போனதுதான் நோய் என்பது எங்கள் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

முப்பத்தாறு வருடம் வினாத்தாள் தயாரித்தவன் நான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நுரையீரல் தெரியுமா, சத்துணவு தெரியுமா என்று பரீட்சை வைத்திருக்கிறேன். என் அத்தானுக்கு அவர் நோயைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அந்த உறுத்தலில்தான், நோயாளிகளுக்கு இப்படிப் பரீட்சை வைக்கிற வழக்கம் உலகத்தில் உண்டா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உண்டு. அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். அதில் முதலில் வருபவர் நோயாளி. அடுத்துத்தான் மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். வகுப்பில் இதை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நோயாளியை ஏன் முதலில் வைத்தார் என்று நின்று யோசித்ததில்லை. நீரிழிவைப் பொறுத்தவரை காரணம் எளிது. டாக்டர் நம்மைப் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிடம். மிச்ச நேரமெல்லாம் வைத்தியம் பார்ப்பது நோயாளியேதான். என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, காலில் முள் குத்தினால் என்ன செய்வது என்று தினமும் முடிவெடுப்பவர் அவர்தான்.

இதை ஆரம்பத்திலேயே உணர்ந்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எலியட் ஜாஸ்லின். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1918இல், மருத்துவருக்கும் நோயாளிக்கும் சேர்த்து ஒரு நீரிழிவுக் கையேட்டை வெளியிட்டார். மருந்து இல்லாத காலத்தில் அறிவுதான் மருந்து. 1921இல் டொரோன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாக வேண்டிய பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் தினமும் ஊசி போட்டு ஆயுள் முழுக்க வாழ வேண்டும், அதுவும் வீட்டில் இருந்தபடி. எனவே நோயாளிக்குக் கற்பிப்பது கட்டாயமாயிற்று.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கான மருத்துவமனையையும் ஏற்படுத்தினார். ராயபுரமும் நம்ம ஊர் மாதிரித்தான். துறைமுகத்தை ஒட்டிய, மீனவர்களும் சுமை தூக்குபவர்களும் நிறைந்த இடம்.

அந்தக் காலத்தில் சர்க்கரை உள்ள வீடுகளில் ஒரு சோதனைக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, நீல நிற பெனடிக்ட் கரைசல் பாட்டில் இருக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். 5 மில்லி கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடு பண்ணுவார். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி, செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். அவருடைய மனைவி அந்த நிறத்தைப் பார்த்துத்தான் இரவுச் சாப்பாட்டை முடிவு செய்வார். துல்லியம் குறைந்த சோதனைதான். ஆனாலும் நிறத்தைப் படித்து, அதற்கு ஏற்றபடி சாப்பாட்டை மாற்றத் தெரிந்திருந்தது. இன்று நம் கையில் எண் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, அத்தான் மாதிரி அடுக்கியும் வைக்கிறோம். அந்த எண்ணை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கற்பித்தால் பலன் உண்டா என்பதற்கு 1972இல் ஒரு பெரிய சான்று வெளிவந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், ஏழைகள் வருகிற பொது மருத்துவமனையில், லியோனா மில்லர் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குப் பாடம் நடத்தியதோடு, சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்கவும் வழி செய்தார். நீரிழிவு மயக்கத்தோடு கொண்டுவரப்படுவோர் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது.

பாடம் நடத்தினால் அடுத்தது பரீட்சைதானே! அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தயாரித்த வினாத்தாள்தான் உலகம் முழுக்க அதிகம் பயன்படுகிறது. 1998இல் அதைச் சரிபார்த்த ஆய்வு வெளியானது. மொத்தம் 23 வினாக்கள். முதல் 14 எல்லோருக்கும், மீதி 9 இன்சுலின் போடுபவர்களுக்கு. எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. வினாத்தாள்காரன் என்ற முறையில் அதைப் படித்துப் பார்த்தேன். நல்ல தாள். ஆனால் மாவுச்சத்து எதில் அதிகம் என்று கேட்கும் இடத்தில் சுட்ட கோழி, சுவிஸ் பாலாடைக்கட்டி, சுட்ட உருளைக்கிழங்கு, வேர்க்கடலை வெண்ணெய் என்று கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊர் ஆச்சியிடம் இதைக் கேட்டால், பூஜ்யம் வாங்குவது ஆச்சியா, வினாத்தாளா? இட்லி, கருவாடு, கீரை, பருப்பு என்று கேட்டால் ஆச்சி சட்டென்று சொல்லிவிடுவார்.

இதை உணர்ந்து செய்த இன்னொரு தாள், டெக்ஸாஸ் மாநிலத்தில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுன்டி மக்களுக்காகத் தயாரானது. ஸ்பானிய மொழி பேசும் ஏழை மக்கள். 24 வினாக்கள். ஆம், இல்லை, தெரியாது என்று மூன்றே விடைகள். "தெரியாது" என்று சொல்ல இடம் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. நாம் பள்ளியில் அந்த இடத்தைக் கொடுக்கவே இல்லை. அதனால்தான் நீங்களெல்லாம் தெரியாத கேள்விக்கும் இரண்டு பக்கம் எழுதி வைத்தீர்கள்!

இனி நம் தமிழ்நாட்டுக் கணக்கு. 1999இல் ராயபுரம் மருத்துவமனைக்காரர்கள் 250 நோயாளிகளிடம் கால் பராமரிப்பு பற்றி மட்டும் கேள்விகள் கேட்டு வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பாதி மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. பெண்களின் மதிப்பெண் ஆண்களைவிடக் குறைவு.

அடுத்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னை மாநகரம் முழுக்க வார்டு வார்டாகப் போய், 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரைச் சந்தித்தார்கள். இந்த மோகன், ஸ்டான்லியில் தொடங்கி வைத்த விஸ்வநாதனின் மகன்தான். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் 2005இல் வெளிவந்தன. நீரிழிவு என்று ஒரு நோய் இருப்பது தெரியும் என்றவர்கள் 75.5 சதவீதம். அதாவது, சென்னையிலேயே நான்கில் ஒருவருக்குப் பெயரே தெரியவில்லை. அது வராமல் தடுக்க முடியும் என்று நினைத்தவர்கள் 22.2 சதவீதம் மட்டுமே. உடல் பருமனும் உடலுழைப்பு இல்லாமையும் காரணம் என்று சொன்னவர்கள் 11.9 சதவீதம்.

இவை பொதுமக்களின் கணக்கு. என்னை உலுக்கியது அடுத்த எண். ஏற்கெனவே நீரிழிவு இருந்து அது தமக்குத் தெரிந்தவர்களில், இந்த நோய் உறுப்புகளைக் கெடுக்கும் என்று அறிந்திருந்தவர்கள் 40.6 சதவீதம்தான். நூறு நோயாளிகளில் 59 பேருக்குத் தெரியாது. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள சென்னையில் அப்படி என்றால், உப்பளத்து வரப்பில் நின்ற என் அத்தானைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதற்குமான ஆய்வைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர். அறிவு பற்றிய முடிவுகள் 2014இல் வந்தன. நீரிழிவு என்று கேள்விப்பட்டவர்களே 43.2 சதவீதம்தான். நகரத்தில் 58.4, கிராமத்தில் 36.8. சென்னைக் கணக்கோடு இதை ஒப்பிட்டு "அறிவு குறைந்துவிட்டது" என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. அது ஒரு மாநகரம், இதில் ஜார்க்கண்ட் கிராமங்களும் உண்டு. வேறு வேறு வகுப்பு, வேறு வேறு தாள். நோயாளிகளில் 72.7 சதவீதம் பேர் மற்ற உறுப்புகளும் பாதிக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் நாலில் ஒரு நோயாளிக்கு மேல் அது தெரியாமல் இருக்கிறார். அதே ஆய்வின் 2023 அறிக்கைப்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி.

இப்போது ஆசிரியராக ஒரு வார்த்தை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வினாத்தாள் திட்ட வரைவு போடக் கற்றுக் கொடுத்தார்கள். அறிவு, புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று நான்கு கட்டம். "நீரிழிவு என்று கேள்விப்பட்டதுண்டா?" என்பது அறிவு. "மூன்று மாதச் சராசரி எதைக் காட்டுகிறது?" என்பது புரிதல். "கல்யாண வீட்டில் பந்தி தாமதமாகிறது, மாத்திரை போட்டாயிற்று, கை நடுங்குகிறது, என்ன செய்வீர்கள்?" என்பது பயன்படுத்துதல். கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது திறன். முதல் கட்டத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி, நாலாவது கட்டத்தில் பூஜ்யம் வாங்கலாம். தெரிந்தும் செய்யாதவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன், மக்ரூன் விஷயத்தில். ஆனால் தெரியாமல் செய்ய முடியாது. ராயபுரத்தில் பின்னர் நடந்த இன்னோர் ஆய்வில், கால் பராமரிப்பைக் கற்றுக்கொண்டு கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்களுக்குப் புண் நன்றாக ஆறியது, புதிய புண்ணும் அறுவையும் குறைந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஐம்பது பேரும் "புரிஞ்சுது சார்" என்பீர்கள். மறுநாள் பரீட்சையில் வண்டவாளம் தெரியும். டாக்டர் முன்னால் நம் பெரியவர்கள் ஆட்டும் தலையும் அதே தலைதான். இதற்கு மருத்துவ உலகில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். "புரிந்ததா" என்று கேட்காமல், "நான் சொன்னதை வீட்டில் போய் எப்படிச் சொல்வீங்க? எனக்கு ஒருதடவை சொல்லுங்க" என்று கேட்பது. திருப்பிச் சொல்லும்போது எங்கே விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும். நல்ல ஆசிரியர் எல்லோரும் செய்வதுதான். நம் அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் மாத்திரை வீடு தேடி வருகிறது. மிக நல்ல காரியம். கொண்டுவரும் பெண்ணிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். மாத்திரையோடு அறிவும் வாசலுக்கு வரட்டும்.

சென்ற தை மாதம் குடும்பம் எல்லாம் ஒன்றுகூடியபோது நானே ஒரு தாள் தயாரித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு, சர்க்கரை உள்ளவர்களையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் திண்ணையில் உட்கார வைத்து வாய்மொழித் தேர்வு. உங்கள் வீட்டிலும் கேளுங்கள், விடையோடு தருகிறேன்.

1. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாதா? ஏறும். உடன்குடிக் கருப்பட்டி ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். எங்கள் திண்ணையில் அதிகம் பேர் தோற்றது இந்தக் கேள்வியில்தான்.

2. ஹெச்பிஏ1சி என்பது என்ன? இரண்டு மூன்று மாதச் சராசரி. முந்தின இரவு பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது.

3. சர்க்கரை சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா? மாத்திரையால்தான் சரியாகியிருக்கும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

4. கண் நன்றாகத் தெரிகிறது, கண் சோதனை எதற்கு? விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வையில் எதுவும் தெரியாது. வருடம் ஒருமுறை காட்ட வேண்டும்.

5. வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால்? சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

6. காலில் புண், வலியில்லை. காத்திருக்கலாமா? ஒருநாள்கூடக் கூடாது.

ஆறுக்கு ஆறும் சொன்னது யார் தெரியுமா? சர்க்கரையே இல்லாத என் அக்கா. எட்டாம் வகுப்பு தாண்டாதவள். அத்தானின் விரல் போன பிறகு, டாக்டரிடமும் நர்சிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இரவு படுக்கும் முன் அத்தானின் இரண்டு பாதத்தையும் மடியில் வைத்து, விரல் இடுக்கு விடாமல் பார்ப்பாள். அத்தானும் இப்போது எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் வாசல்படி இறங்குவதில்லை. அடுத்த கால் முழுசாக இருக்கிறது.

முத்துக்குளித்தல் நம் கடலில் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளித்த பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றை மேலே பிடிப்பதற்கு மச்சானைத்தான் வைப்பார்களாம். தன் அக்கா தங்கை வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற கவனம் அவனுக்கு இருக்கும் என்பதால். என் அத்தானுக்கு மச்சான் நான். படித்தவன், வாத்தியார். கயிறு என் கையில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. என் அக்கா வந்து பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைகளே, உங்களில் பலர் சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்னைக்குக் காலைப் பார்த்தீங்களா அப்பா? எப்படிப் பார்த்தீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். தெரியாது என்றால் கோபப்படாமல் சொல்லிக் கொடுங்கள். எத்தனை மதிப்பெண் என்று கீழே எழுதுங்கள். தோற்றவர்களுக்குப் பிரம்படி கிடையாது, மறுதேர்வு உண்டு.

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்